ஆபத்தருமத்தின் எல்லை

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில், விடியற்காலைத் திருவனந்தல் தொடங்கி இரவு சொக்கநாதரின் திருப்பாதங்கள் பள்ளியறைக்கு எழுந்தருளும் வரையில் நடைபெறும் வழிபாடுகள் அனைத்தும், இன்ன வேளையில் இன்னாருடைய முறையில் நிகழ வேண்டும் என்று பல தலைமுறைகளுக்கு முன்பே வகுக்கப்பட்டவை. விக்கிரபாண்டிய பட்டர், குலசேகர பட்டர் என்னும் இரு மரபினர் தமக்குள் முறை பிரித்துக்கொண்டு அந்தத் தொண்டைச் செய்துவருகின்றனர். முறைக்குரியவர் வீட்டில் பிறப்போ இறப்போ நேர்ந்து, தீட்டின் காரணமாக அவர் சந்நிதிக்கு வர இயலாமற்போகுமாயின், அவருடைய இடத்தில் மற்றொருவர் நிற்பார், வழிபாடு தடைப்படாது. முறையை வகுத்தவர்கள் முறை தவறும் நாளையும் சேர்த்தே எண்ணிப்பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டில் என் மனத்தைக் கவர்வது. மனிதர் கையால் நடக்கும் காரியத்தில் சாவும் நோயும் குறுக்கிடத்தான் செய்யும் என்பதை அறிந்து, அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்த அறிவு அது.

அதே நகரத்தில், வைகையின் வடகரையில், ஏ.வி. பாலத்தைக் கடந்து கோரிப்பாளையத்தை அடைந்தால், முற்காலத்தில் எர்ஸ்கின் பிரபுவின் பெயரையும் பிற்காலத்தில் இராஜாஜியின் பெயரையும் தாங்கிய அரசு மருத்துவமனையைக் காணலாம். பெயர் எத்தனை மாறினும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கங்களிலிருந்து நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துவரும் குடியானவர்களுக்கு அது என்றும் 'பெரிய ஆஸ்பத்திரி'தான். அங்கும், நகரெங்கும் பெருகிவிட்ட தனியார் மருத்துவமனைகளிலும், ஒரு நாழிகையும் நிற்கக்கூடாத காரியம் ஒன்று முறை வைத்தே நடந்துவருகிறது. காலை டியூட்டிக்காரி படுக்கை படுக்கையாக நின்று நோயாளியின் நிலையைச் சொல்லி மாலையில் வருபவளிடம் பொறுப்பை ஒப்படைக்க, அவள் நைட் டியூட்டிக்கு வருபவளிடம் ஒப்படைக்க, விளக்கு அணையாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டேயிருக்கிறது. ஆனால் கோயிலின் முறையில் எண்ணிப்பார்க்கப்பட்ட அந்தத் தவறும் நாள், மருத்துவமனையின் முறையில் பெரும்பாலும் எண்ணப்படுவதில்லை. அது நேரும்போதெல்லாம், யாரோ ஒருத்தியின் கைப்பேசி ஒலிக்கிறது. அந்த ஒருத்தி பெரும்பாலும் புதிதாக வேலைக்கு வந்தவளாகவே இருக்கிறாள்.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். நர்சிங் படிப்பை முடித்து, மேலூரை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து வந்து, நகரத்து மருத்துவமனை ஒன்றில் அமர்ந்து சில மாதங்களே ஆனவள். வாரத் தொடக்கத்தில் ஒட்டப்பட்ட டியூட்டி லிஸ்ட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதில் தனக்குக் கிடைத்த வியாழக்கிழமை 'ஆஃப்' நாளை நம்பி, கண் மங்கிவரும் தாயை அண்ணா நகருக்கு அழைத்துச்சென்று அரவிந்த் கண் மருத்துவமனையில் காட்டுவதென்று ஏற்பாடு செய்திருக்கிறாள். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு இன்சார்ஜ் சிஸ்டரின் குரல் கைப்பேசியில் வருகிறது: "ஏம்மா, இன்னைக்கு நைட் வந்துரு. நைட் சிஸ்டருக்கு ஒடம்பு முடியல. ஆஃப் அப்புறம் பாத்துக்கலாம்." பகலெல்லாம் விழித்திருந்த உடம்பு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும், விடியலில் பஸ் ஏறி மாட்டுத்தாவணிக்கு வந்து நிற்கப்போகும் தாய்க்குச் சொல்லியனுப்ப வேண்டும். மூத்த செவிலியருக்கு முறை மாற்றிக்கொள்ளத் தோழியர் இருக்கிறார்கள். இன்று நீ, நாளை நான் என்று கொடுத்து வாங்கும் பழக்கம் அவர்களுக்குள் ஏற்பட்டிருக்கிறது. புதியவளுக்கு அந்தச் செலாவணி இன்னும் கைக்கு வரவில்லை. போதாக்குறைக்கு, ஓராண்டு வேலை செய்வதாக எழுதிக்கொடுத்த பத்திரமும், அவளுடைய அசல் சான்றிதழ்களும் அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு.

போவதா, மறுப்பதா என்பது உலகியல் கேள்வி. அதற்கு விடை பெரும்பாலும் அவள் கையில் இல்லை. எத்தகைய மனத்தோடு போவது, அந்தப் போக்கை என்னவென்று கொள்வது என்பதே சமயம் சார்ந்த கேள்வி. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு நம் வீடுகளில் பெரியவர்கள் தயங்காமல் தரும் விடையொன்று உண்டு: பலனைக் கருதாமல் கடமையைச் செய்யச் சொல்லிற்றே கீதை, செவிலி வேலையைக் காட்டிலும் புண்ணியமான வேலை உண்டா, முகம் சுளிக்காமல் போய் வா என்பது. இந்த உபதேசத்தைக் கூறுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கூறுகிறார்கள். ஆயினும், அதே சொற்களை மருத்துவமனை நிர்வாகம் எடுத்தாளும்போது அவற்றின் சுவை மாறிப்போகிறது என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

கண்ணன் அருச்சுனனுக்குப் பற்றற்ற கருமத்தை உபதேசித்தது, தன் மனம் கலங்கித் தானே சரணடைந்து கேட்ட ஒருவனுக்கு. பதினெட்டாம் அத்தியாயத்தில், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கும் தறுவாயில், இதை முற்றும் ஆராய்ந்து பார்த்து உன் விருப்பம் எதுவோ அதன்படி செய் என்றே விட்டுவிடுகிறான். பகவானே பார்த்தனிடம் பறிக்காத சுதந்திரம் அது. துறவைப் பற்றிய போதனைக்கு இந்தச் சுதந்திரமே அடிப்படை. தன் கையில் இருப்பதைத் தானே விடுவதற்குத்தான் தியாகம் என்று பெயர். பிறர் கையிலிருப்பதை விடச் சொல்லி அதன் பயனைத் தான் அடைவதற்கு நம் முன்னோர் வேறு பெயர் வைத்திருந்தனர். மேலும், துறக்கச் சொன்னது கருமத்தின் பலனை. அந்தப் பெண்ணின் உறக்கமும், தாயோடு கழிக்க வேண்டிய ஒரு பகலும் அவள் செய்யும் கருமத்தின் பலன்களா? அவளுடைய கருமம் நாளையும் நடைபெறுவதற்கு வேண்டிய மூலதனம் அவை. மூலதனத்தையே பலனென்று எண்ணித் துறக்கச் சொல்வது, கீதையைத் தலைகீழாகப் படிப்பதற்கு ஒப்பாகும்.

இந்தக் கேள்விக்குக் கீதையைவிடத் தெளிவாக உதவக்கூடியது, இன்று அதிகம் பேசப்படாத மீமாம்சகரின் ஒரு பாகுபாடு என்பது என் எண்ணம். அவர்கள் கருமங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று பிரித்தார்கள். சந்தியாவந்தனத்தைப்போல நாள்தோறும் தவறாது செய்ய வேண்டியது நித்தியம். மகப்பேறு, கிரகணம் போன்ற ஒரு நிமித்தம் நேர்ந்தபோது செய்ய வேண்டியது நைமித்திகம். மகன் வேண்டும், மழை வேண்டும் என்று விரும்பிச் செய்வது காமியம். இவற்றுள் முதலிரண்டையும் செய்யாமல் விட்டால் தோஷம் உண்டு. விரும்பாவிட்டால் காமியத்தை விட்டுவிடலாம். டியூட்டி லிஸ்ட்டில் குறித்த வேலை அந்தப் பெண்ணுக்கு நித்தியம் என்று கொண்டால், எதிர்பாராமல் வந்து சேரும் வேலை நைமித்திகமாகும். எதிர்பாராதது என்பதனாலேயே அதன் கட்டாயம் குறைந்துவிடுவதில்லை. கிரகணம் பிடித்துவிட்டால் நீராடத்தான் வேண்டும். நள்ளிரவில் விபத்தில் சிக்கிய பேருந்தொன்றிலிருந்து காயம்பட்டவர்கள் வந்து குவிந்தால், ஆஃப் நாளாயிற்றே என்று அறைக்குள் படுத்திருப்பது செவிலிக்கு அழகாகாது. இதுவரையில் பெரியவர்களின் உபதேசம் சரியே.

ஆனால் நைமித்திகத்துக்கு நிமித்தம் என்ற ஒன்று இருந்தாக வேண்டும். வானத்தில் கிரகணம் இல்லாதபோது ஆற்றில் இறங்கினால் அது வெறும் குளியல். அதைவிட முக்கியமானது, கிரகணம் திடீரென்று வருவதன்று என்பது. அது இன்ன நாழிகையில் பிடித்து இன்ன நாழிகையில் விடும் என்பது பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. மதுரையின் மருத்துவமனைகளுக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் உண்டு. தைப் பொங்கலன்று அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரிலும் காளைகள் அவிழ்த்துவிடப்படும். குத்துப்பட்ட இளைஞர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். சித்திரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் எழுந்தருள்வார். இலட்சக்கணக்கான மக்கள் கூடும் அந்த ஆற்றங்கரைக்கும் அந்த மருத்துவமனைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்ததும் காய்ச்சல் வார்டுகள் நிறையும். இவையெல்லாம் ஆண்டுதோறும் வருபவை. செவிலியரும் மனிதரே, நூறு பேர் இருக்குமிடத்தில் யாரேனும் சிலர் ஒவ்வொரு நாளும் நோய்வாய்ப்படுவார்கள், பிரசவத்துக்குப் போவார்கள், இழவு வீட்டுக்குப் போவார்கள் என்பதும் பஞ்சாங்கத்தில் எழுதக்கூடிய செய்திதான். அதனாலேயே இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுகளில், ஒரு செவிலிக்கு இத்தனை நோயாளிகள் என்ற கணக்கோடு, விடுப்பில் செல்பவர்களுக்கு ஈடாக நூற்றுக்கு முப்பது பேரைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த முப்பது பேர் இல்லாத இடத்தில்தான் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு கைப்பேசி ஒலிக்கிறது. ஒலிக்கச் செய்தது கிரகணமா, பஞ்சாங்கம் பாராத சோம்பலா என்பதை அந்தப் பெண்ணும் அவளை அழைத்தவளும் தத்தம் மனத்துக்குள்ளேனும் பிரித்தறிய வேண்டும்.

இந்தப் பிரித்தறிதலுக்குச் சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் உஷஸ்தி சாக்கிராயணரின் கதையைப்போல் ஒளி தருவது வேறொன்று எனக்குத் தெரியவில்லை. குரு நாட்டில் பயிர்களெல்லாம் அழிந்து பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். வேதம் வல்லவரான உஷஸ்தி தம் இளம் மனைவியோடு யானைக்காரர்கள் வாழும் ஊரொன்றில் வறியராய்த் தங்கியிருந்தார். பசி தாளாமல், ஒருவன் தின்றுகொண்டிருந்த பயற்றைத் தமக்கும் கொஞ்சம் தரும்படி கேட்டார். என் முன்னால் இருக்கும் இந்த எச்சிலைத் தவிர என்னிடம் வேறில்லையே என்றான் அவன். அதையே கொடு என்று வாங்கி உண்டார் முனிவர். பிறகு அவன் தான் குடித்த தண்ணீரையும் நீட்டினான். அது எச்சிலாயிற்றே, வேண்டாம் என்றார். பயறு மட்டும் எச்சில் இல்லையோ என்று அவன் கேட்டான். எவ்வளவு நியாயமான கேள்வி! பயற்றை உண்ணாமலிருந்தால் உயிர் தரித்திருக்க மாட்டேன். தண்ணீரோ எனக்கு வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்பதுதான் முனிவரின் விடை. ஆபத்துக்காலத்தில் விதி தளர்ந்து கொடுக்கும். ஆனால் ஆபத்து எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு மட்டுமே தளர்ந்து கொடுக்கும் என்பதை, உண்ட வாய் உலருமுன்பே செய்து காட்டிவிட்டார். பசித்தவன் ஒருமுறை எச்சிலை ஏற்றான் என்பதைக் காரணமாக்கி, அவனுக்கு இனி எதையும் கொடுக்கலாம் என்று எண்ணியவனுக்குக் கிடைத்த மறுப்பு அது.

கதையின் பிற்பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தின்றதுபோக மிஞ்சியதை உஷஸ்தி மனைவியிடம் கொடுத்தார். அவள் முன்பே பிச்சையெடுத்து உண்டுவிட்டபடியால் அதை எடுத்துவைத்தாள். மறுநாள் காலையில் அந்த மிச்சத்தை உண்டு, கிடைத்த சிறு வலிமையோடு, அரசன் ஒருவன் யாகம் செய்துகொண்டிருந்த இடத்தை நாடி நடந்தார். அங்கே தம் கல்வியால் தலைமை ஏற்று வறுமையிலிருந்து மீண்டார். ஆபத்தருமத்தின் இரண்டாம் நியமத்தை இதில் நான் காண்கிறேன்: தளர்ந்து கொடுத்த விதியால் பயன் பெற்றவன் ஆபத்தை முடித்துவைக்கும் வழியில் மறுநாளே நடக்கத் தொடங்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு நேர்மாறானதே வழக்கமாகிவிட்டது. 2015-ஆம் ஆண்டில் தமிழக அரசு மருத்துவமனைகளில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில், இரண்டாண்டுக்கு என்று அமர்த்தப்பட்ட செவிலியர், அந்த இரண்டாண்டுகள் கழிந்த பின்னரும் பணி நிரந்தரம் கிட்டாமல் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராட நேர்ந்ததைப் பலரும் அறிவர். தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கும் ஏற்பாட்டில் யாருக்கேனும் இலாபம் இருந்துவிட்டால், அந்தத் தற்காலிகத்துக்கு ஆயுள் நீண்டுவிடுகிறது.

இவ்வளவையும் சொல்லும்போது மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. பொழுது விடிந்து அடுத்தவள் வரவில்லை, வார்டில் செயற்கைச் சுவாசத்தில் ஒருவர் கிடக்கிறார் என்றால், பொறுப்பை ஒப்படைக்காமல் செவிலி புறப்பட்டுப் போக முடியாது. அங்கே சட்டமும் சாஸ்திரமும் ஒன்றே சொல்லும். நிர்வாகம் செய்த பிழைக்குப் படுக்கையில் கிடப்பவர் தண்டனை அனுபவிக்கலாகாது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா வார்டுகளில் எத்தனையோ இளம் பெண்கள், வீட்டுக்குப் போகாமல், பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்துகொண்டு நின்றபோது, முறை பார்த்தா நின்றார்கள்? அந்த நிற்றலில் ஒரு பெருமிதம் உண்டு; நோயாளியின் துன்பம் நேராக வந்து அழைக்கும்போது எழுந்து செல்வதில் ஒரு விடுதலை உண்டு என்பதையும் அவர்களுள் பலர் உணர்ந்திருப்பார்கள். ஒரு கொடுமை இங்கேதான் நுழைகிறது. உண்மையான ஆபத்தில் மனமுவந்து நின்றவளின் அந்தப் பெருமிதத்தையே, பின்னால் ஆபத்தில்லாத நாட்களிலும் செலவழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

மதுரையில் இருந்துகொண்டு முறை மாற்றத்தைப் பற்றி எழுதுகிறவன் வெள்ளியம்பலத்தை மறந்துவிட முடியாது. மற்றத் தலங்களிலெல்லாம் இடத் திருவடியைத் தூக்கி ஆடும் நடராசப் பெருமான், இங்கே வலத் திருவடியைத் தூக்கி ஆடுகிறார். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இதன் காரணத்தைக் கூறுகிறார். அறுபத்துமூன்று கலைகளில் வல்லவனான இராசசேகர பாண்டியன், எஞ்சியிருந்த பரதத்தையும் சோழனுக்கு நிகராக வேண்டும் என்ற எண்ணத்தால் கற்கத் தொடங்கினான். ஆடிப் பார்த்தபோதுதான் அது உடம்பை என்ன பாடு படுத்துகிறது என்பது அவனுக்குத் தெரிந்தது. சில காலம் ஆடிய எனக்கே இவ்வளவு நோகுமானால், ஓயாமல் ஒரே காலை ஊன்றி நிற்கும் எம்பெருமானுக்கு எப்படியிருக்கும் என்று நெஞ்சு பதைத்து, கால் மாறி ஆட வேண்டும், இல்லையேல் உயிரை விடுவேன் என்று சந்நிதியில் நின்றான். பெருமானும் மாறி ஆடினார்.

எல்லாம் வல்ல இறைவனுக்குக் கால் நோகுமா என்று தத்துவம் பேசுகிறவர் கேட்கலாம். நோகாது என்பது பாண்டியனுக்கும் தெரியாததன்று. இந்தக் கதையில் வியப்புக்குரியவர் கால் மாறியவரா, மாறச் சொன்னவனா என்று கேட்டால், நான் மன்னன் பக்கமே நிற்பேன். அதுவரையில் எத்தனையோ தலைமுறையினர் அந்தத் திருவுருவத்தின் முன் நின்று தொழுதிருப்பார்கள். ஊன்றிய காலில் ஒரு வலி இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, ஏனெனில் அவர்கள் ஆடியதில்லை. தொண்டு செய்கிறவரைத் தெய்வமாக்கிவிட்டால், அவருக்கு உடம்பு உண்டு என்பது நமக்கு மறந்துபோகிறது. செவிலியரை 'தேவதை' என்று அழைக்கும் மேடைப் பேச்சுகளில் எனக்கு எப்போதும் இந்த ஐயம் எழும். நர்சிங் சூப்பரின்டெண்டென்டாகவோ நிர்வாகியாகவோ அமர்ந்து டியூட்டி லிஸ்ட் போடுகிறவர், கடைசியாக எப்போது ஓர் இரவு முழுவதும் வார்டில் நின்றார் என்பது சமய ஆராய்ச்சிக்குப் புறம்பான கேள்வியாகப் படலாம். பாண்டியன் கதையைப் படித்தவர்களுக்கு அப்படிப் படாது. அவனும் முறை போடுகிற இடத்தில் இருந்தவன். இறங்கி ஆடிப் பார்த்தவன். தனக்காக ஒன்றும் கேளாதவன்.

சினத்தோடு செய்யும் சேவை சேவையாகுமா என்ற கேள்வி, அந்தப் பெண் நைட் டியூட்டிக்குப் பஸ் ஏறும்போது அவளோடேயே ஏறிக்கொள்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, உள்ளுக்குள் குமுறிக்கொண்டு ஒரு முதியவருக்குப் புண் துடைத்துக் கட்டினால், அதனால் அவளுக்கு என்ன புண்ணியம்? சரக சம்ஹிதை வைத்தியத்தின் நான்கு கால்களாக வைத்தியர், மருந்து, பரிசாரகர், நோயாளி என்ற நால்வகையைக் கூறி, பரிசாரகருக்கு நான்கு குணங்களை விதிக்கிறது: பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், கைத்திறமை, நோயாளியிடம் அன்பு, தூய்மை. வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் அருகிலிருந்து பேணுபவரை மருத்துவத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்றாகவே வைத்தார். சரகரின் நான்கு குணங்களில் அறிவையும் திறமையையும் தூய்மையையும் ஆணையிட்டுப் பெறலாம். அன்பை ஆணையிட்டுப் பெற எந்த நிர்வாகத்தாலும் ஆகாது. அந்த அன்புதான் உறக்கம் கெட்ட உடம்பிலிருந்து முதலில் விடைபெறுவது. கைத்திறமை அதற்கடுத்தாற்போல் போகும். இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் சேர்த்தது; 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதை உறுதிப்படுத்தியது. உடம்புக்குள்ளேயே பகலிரவை அளக்கும் ஒரு கடிகை உண்டு என்பதும், அது மணிக்கொரு முறை மாற்றிவைக்கும்படியானதன்று என்பதும் இன்று யாவரும் ஒப்பிய உண்மைகள். கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகுதியாக உறங்குகிறவனுக்கு யோகம் இல்லை என்று சொன்னதோடு நில்லாமல், மிகுதியாக விழித்திருக்கிறவனுக்கும் இல்லை என்று சொல்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கீதையை எடுத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் இந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லலாமே.

ஆகவே அவளுடைய சினத்தைப் பற்றி அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. சினம் யார்மீது எழுந்ததோ அவரிடமே அது நிற்க வேண்டும், படுக்கையில் கிடப்பவர்மீது சிந்திவிடக் கூடாது என்பது ஒன்றே அவள் காக்க வேண்டிய விரதம். அது எளிதென்று நான் சொல்லமாட்டேன். துறவிகள் காட்டில் பழகும் மன அடக்கத்தை அவள் இருபத்திரண்டு வயதில், விடியற்காலை மூன்று மணிக்கு, மணியடித்துக் கூப்பிடும் நான்காவது படுக்கைக்காரரிடம் பழக வேண்டியிருக்கிறது.

இன்னொரு பாவமும் இந்த ஏற்பாட்டில் வளர்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் எண்ணுவதில்லை. முடியாது என்று சொல்ல உரிமையில்லாதவர்கள் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்ற உண்மையைச் சொன்னால் செல்லாது. அம்மாவுக்கு நெஞ்சுவலி என்றால் செல்லும். எனக்குக் களைப்பாயிருக்கிறது என்றால் செல்லாது. எனக்கு வாந்தியும் பேதியும் என்றால் செல்லும். இப்படி ஒருத்தி பொய்க் காரணம் சொல்லி நின்றுவிடும் இரவில், அந்த இடத்துக்கு மற்றொருத்தி இழுக்கப்படுகிறாள். அடுத்த முறை அவளும் ஒரு பொய்யைத் தயார் செய்து வைக்கிறாள். நோயாளியின் நாடியையும் காய்ச்சலையும் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டியவர்களுக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு அபாயகரமானது! நிர்வாகத்தின் பக்கத்திலும் உண்மை இல்லை. இரண்டு பேர் இருக்க வேண்டிய வார்டுக்கு ஒருத்தியைத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல், அவசரம் என்று சொல்கிறார்கள். அழைப்பு வரும்போது அந்தப் பெண், யாருடைய இடத்துக்கு, எத்தனை நாளைக்கு, பறிபோகும் ஆஃப் எந்தத் தேதியில் திரும்பக் கிடைக்கும் என்ற மூன்றையும் பணிவாகக் கேட்பாளானால், அவள் சேவை மனப்பான்மை அற்றவள் என்று பேசுவார்கள். உஷஸ்தியையும் அந்த யானைக்காரன் அப்படித்தான் நினைத்திருப்பான்.

ஹார்வி மில்லின் சங்கொலிக்கு எழுந்து வேலைக்குப் போன மதுரைத் தொழிலாளிகள் இந்த விஷயத்தில் செவிலியரைக் காட்டிலும் பாக்கியசாலிகள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆலையில் வேலை நேரங்களை எழுதி எல்லோரும் காணும்படி ஒட்ட வேண்டும் என்றும், அந்த முறையை மாற்றுவதானால் முன்கூட்டியே இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒருமுறை மாற்றியபின் ஒரு வாரம் கழியுமுன் அவர் அனுமதியின்றி மறுபடி மாற்றக்கூடாது என்றும் விதித்தது. அது ஆலைக்கு ஏற்பட்ட சட்டம். வார்டில் நிற்பவளுக்கு அது காவலாக இருக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் செவிலியருக்கென்றே ஓர் உடன்படிக்கையும் அதனோடு ஒரு பரிந்துரையும் இயற்றியது. செவிலியர் தம் சொந்த வாழ்க்கையையும் குடும்ப வாழ்க்கையையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளப் போதிய அவகாசம் இருக்கும்படி பணி நேரத்தை முன்னரே அறிவிக்க வேண்டும், விசேஷமான அவசரம் நேர்ந்தால் மட்டுமே அதிலிருந்து விலகலாம் என்பது அந்தப் பரிந்துரையில் உள்ளது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. உபநிடத முனிவர் பயற்றுக்கும் தண்ணீருக்கும் இடையே கிழித்த கோட்டையே ஜெனீவாவில் கூடியவர்கள் வேறு மொழியில் கிழித்தார்கள் என்பதைக் காண எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

சட்டம் வரும்வரையில் செவிலியர் தமக்குள் நல்லதொரு வழியைக் கண்டுதான் வைத்திருக்கிறார்கள். தீபாவளியன்று கிறிஸ்தவப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் வார்டைப் பார்த்துக்கொள்ள, ரம்ஜானன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் மற்றவர்கள் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்தை மருத்துவமனைகளில் காணலாம். எந்த நிர்வாகமும் ஆணையிடாமல், கொடுப்பவள் மனமுவந்து கொடுக்க ஏற்படுகிற முறை மாற்றம் அது. அங்கே யாருக்கும் கீதையை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இருப்பதில்லை. புதிதாக வந்தவளை அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் மூத்தவர்கள் முதல் மாதத்திலேயே சேர்த்துக்கொண்டால், புதன்கிழமை மாலை அழைப்பு அவளைத் தனியாக வந்து தாக்காது.

நிர்வாகத்தைப் பொறுத்தமட்டில் நான் கேட்பது சிறிய காரியம். வார்டின் ரிப்போர்ட் புத்தகத்தில் நோயாளி எத்தனை முறை இருமினார் என்பது வரை எழுதப்படுகிறது. பொறுப்பேற்றவள் யாருடைய இடத்தில், என்ன காரணத்தால், எத்தனை மணிக்கு அழைக்கப்பட்டு வந்தாள் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. அதற்கு ஒரு பத்தியை ஒதுக்கி, இன்சார்ஜ் சிஸ்டர் தம் கையாலேயே உண்மையான காரணத்தை எழுதிவரட்டும். சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரையில் ஓராண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும், எந்த இரவுகளில் கிரகணம் பிடித்தது, எந்த இரவுகளில் ஆள் போடாமல் மிச்சம் பிடித்தார்கள் என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு எத்தனை பேரைக் கூடுதலாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற கணக்கும் அதிலேயே கிடைத்துவிடும்.